சண்டை போடாத வீடு

ஓட்டல் பெட்ஷீட்டை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, நாலடி முன்னே வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். அந்தச் சலவைக் கூடத்தில் ஒரு நாளைக்கு அறுநூறு பெட்ஷீட் இப்படித்தான் மடிகிறது. அன்று காலை பத்து மணிக்குள் மூன்று பெட்ஷீட் தரையில் விழுந்துவிட்டன. மூன்றையும் விட்டது புதுப்பொண்ணு. அவள் சட்டைப் பையில் போன் லேசாக அதிர்ந்தால் போதும், கையில் இருப்பது எதுவானாலும் நழுவிவிடும்.

"அடியே, கீழ விழுந்தா திரும்பத் துவைக்கணும்டி! மேனேஜர் பார்த்தா உன்னையும் சேர்த்து மெஷின்ல போட்டுடுவாரு," என்றாள் எதிர்முனையில் இருந்த இஸ்திரி அக்கா.

"அந்த ஆபீஸ்லேருந்தோன்னு நெனைச்சேன்கா."

"யாரு பேசினா?"

"போன் கம்பெனி. எனக்குன்னு புதுசா ஏதோ ஸ்கீம் போட்டிருக்காங்களாம்."

சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வராது. கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியும் கூடத்தில் அவளுக்குப் பெயர் புதுப்பொண்ணுதான். வேலைக்குச் சேர்ந்த வாரம் வைத்த பெயர், ஒட்டிக்கொண்டது. கணவர் லாரி டிரைவர், இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். அவரைக் கட்டிக்கொண்டு வந்ததால் இவளும் குடியுரிமைக்கு விண்ணப்பித்தாள். நேர்முகம் முடிந்து எட்டு மாதம். 'முடிவு தபாலில் வரும்' என்று சொல்லி அனுப்பினார்கள். கிடைத்தால் இங்கே நிம்மதியாக வாழலாம். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் அவள் இளைத்துப் பாதியாகிவிட்டாள்.

எட்டு மாதமும் அவளுக்கு ஆறுதல் சொன்னது இஸ்திரி அக்காதான். "வந்துடும்டி. கல்லைத் தின்னாலும் செரிக்கிற வயசுல இதுக்குப் போய் உடம்பைக் கெடுத்துக்காதே" என்று தினமும் ஒருமுறையாவது சொல்லிவிடுவாள். பார்க்கிறவர்களுக்கு, கூடப் பிறந்தவள்கூட இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டாள் என்று தோன்றும். தோன்றட்டும். அந்த முடிவு இப்படி இழுக்கக் காரணமே இந்த மகராசிதான்.

கெட்டவளா அவள்? அதெல்லாம் இல்லை. அடுத்தவர் காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்துக் கொண்டுபோகிற ஜென்மம். ஆனால் அவள் குடியுரிமை வாங்கப் பதினோரு வருஷம் ஆயிற்று. துணி தேய்க்கிற சூட்டு உருளைக்குப் பக்கத்தில் நின்று கையெல்லாம் தழும்பு. பரீட்சையில் இரண்டு தடவை தோற்று, மூன்றாம் தடவை தேறினாள். எட்டு மாதத்துக்கு முன் ஒருநாள் புதுப்பொண்ணு மிட்டாய்ப் பெட்டியோடு ஓடி வந்து, "இன்டர்வியூ முடிஞ்சுதுக்கா! அரை மணி நேரந்தான். அந்த அதிகாரி சிரிச்சுச் சிரிச்சுப் பேசினாரு" என்றபோது, அக்கா மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டாள். 'நான் தேய்ந்து வாங்கினதை இவள் கழுத்தை நீட்டி வாங்கிவிட்டாளே' என்று நினைத்தாள்.

வயிற்றெரிச்சலுக்கு மருந்து எந்தக் கடையிலும் கிடையாது. பேனா மட்டும் எல்லா வீட்டிலும் கிடைக்கும். அன்று சாயங்காலமே அக்கா அந்த ஆபீசுக்கு நாலு வரி எழுதினாள். 'இந்தப் பெண்ணும் கணவனும் சேர்ந்து வாழவில்லை. காகிதத்துக்காகச் செய்த கல்யாணம். விசாரிக்கவும். இப்படிக்கு, நலம் விரும்பி.' அந்தச் சமயத்தில் டிரைவர் வெளியூர் லோடு ஓட்டிக்கொண்டிருந்தார். பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் வீடு. அது அக்காவுக்கு எப்படித் தெரியும்? புதுப்பொண்ணே நம்பிச் சொன்னதுதான். தபால் பெட்டியில் கடிதம் விழுந்த சத்தம் கேட்டதுமே அவளுக்குப் பகீர் என்றது. பெட்டிக்குள் கை நுழையவில்லை. நுழைகிறதா என்று பார்த்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு மாதம் கழித்துத் தம்பதியை மறுபடி கூப்பிட்டார்கள். இந்தத் தடவை சிரிப்பு இல்லை. பெயரில்லாத கடிதம் ஒன்று வந்திருக்கிறது என்று சொல்லி, ஆளுக்கொரு அறையில் உட்கார வைத்து இரண்டு மணி நேரம் கேட்டார்கள். யார் முதலில் எழுந்திருப்பார்கள், திரைச்சீலை என்ன நிறம், கடைசியாக எதற்குச் சண்டை போட்டீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் வந்தது வினை. டிரைவர் நல்ல பெயர் வாங்குவதாக நினைத்து, "எங்களுக்குள்ள சண்டையே கிடையாது, ஒருநாளும் கிடையாது" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டார். பக்கத்து அறையில் அவர் மனைவி, "ஏன், நேத்துக்கூடப் போட்டோமே. ஈரத்துண்டைக் கட்டில் மேல போட்டாரு" என்று உள்ளதைச் சொல்லிவிட்டாள். அதிகாரி இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, தலையை நிமிர்த்தாமல் ஏதோ எழுதினாராம்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் சண்டை இல்லை. இருக்கக் கூடாது. 'சண்டை இல்லைன்னு சொல்லி வெச்சாச்சு. அக்கம்பக்கத்துல விசாரிச்சா என்ன ஆகறது' என்று டிரைவர் இருவர் வாய்க்கும் பூட்டுப் போட்டுவிட்டார். வெளியூர் லோடை விட்டுவிட்டு, பாதிச் சம்பளத்துக்கு உள்ளூர் வண்டி ஓட்டினார். வாசல் மணி அடித்தால் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் போய் நின்றுகொண்டுதான் கதவைத் திறப்பார்கள். ஆனால் நாலு வார்த்தை கத்திவிட்டால் ஆறிப்போகிற விஷயமெல்லாம் உள்ளேயே கிடந்து புளித்தது.

மதியம் சாப்பாட்டு அறையில் புதுப்பொண்ணு டப்பாவைத் திறக்கவேயில்லை.

"என்னடி, திறக்காமலே வாசனை பார்க்கறியா?"

"அக்கா, உங்க வீட்டுல எனக்கு ஒரு மாசம் இடம் குடுப்பீங்களா?"

அக்காவின் கையில் ஸ்பூன் நின்றது. "எதுக்கு?"

"அவரு ஹால்ல படுத்து மூணு வாரம் ஆச்சு. என் நாத்தனார்தான் அந்த மொட்டைக் கடுதாசி போட்டாங்கன்னு நான் சொன்னேன். வேற யாருக்குக்கா தெரியும் அவரு வெளியூர்ல இருந்தது? அன்னிக்கே அவங்க, 'என் தம்பி வீடு தங்க மாட்டேங்கறான்'னு எல்லார்கிட்டயும் புலம்பினாங்க. அவரு, 'எங்கக்கா அப்படிச் செய்ய மாட்டா'ன்னு ஒத்தைக் கால்ல நிக்கறாரு. அதையும் கிசுகிசுன்னுதான்கா சொல்றாரு! கத்தக்கூட மாட்டேங்கறாரு. அவங்க ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்போகூட நான் போய்ப் பார்க்கல. இதுக்கு மேல என்னால முடியல. காகிதமும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஞாயித்துக்கிழமை பையோட வந்துடறேன்."

"வா," என்றது அக்காவின் வாய். வேறென்ன சொல்லும்?

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அக்கா கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் ஒரு கிடங்கில் வாட்ச்மேன். எதையும் இரண்டு தடவை பூட்டிப் பார்க்கிற மனுஷர். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"எழுதறப்போ என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா விட்டிருப்பீங்களா?"

"சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையா இருக்கே! இப்பவாவது வாயை மூடிக்கிட்டு இரு. பொய்த் தகவல் குடுத்தா தண்டனைன்னு அந்த ஆபீஸ் சுவத்துலயே ஒட்டியிருக்கு. நம்ம குடியுரிமைக்கே வேட்டு வெச்சிடாதே. பேர் போட்டியா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? தேடினாலும் கிடைக்காது. அந்தப் பொண்ணு வந்தா பாவம், ஒரு ரூமைக் குடு. சோறு போடு. புண்ணியமாப் போகும்."

புண்ணியம் என்ற சொல் அக்காவைக் குத்தியது. மூன்று நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். வேலையில் உருளையின் சூடு கையில் பட்டது உறைக்கவில்லை. புதுப்பொண்ணு இங்கே வந்து தங்கினால் என்ன ஆகும்? கணவனும் மனைவியும் சேர்ந்து வாழவில்லை என்று எழுதியது அட்சரம் பிசகாமல் உண்மையாகிவிடும். பிறகு அக்காவைப் பொய்க்காரி என்று எந்தச் சட்டமும் சொல்ல முடியாது. தண்டனையும் இல்லை, பயமும் இல்லை. ஒரு ரூமைக் கொடுத்தால் போதும், தப்பித்துவிடலாம். அப்படி ஓர் எண்ணம் தனக்குள் வந்ததே என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. எழுதிய நாளில்கூட அவள் தன்னை இவ்வளவு வெறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் புதுப்பொண்ணு வாசலில் நின்றாள். கையில் ஒரு பை, கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"பையை உள்ள வெக்காதே," என்றாள் அக்கா.

"ஏன்கா, மாமா வேணாம்னுட்டாரா?"

"அவரு சரின்னுட்டாரு. உன் நாத்தனார் எழுதலடி."

"உங்களுக்குத் தெரியாதுக்கா, அவங்கதான்..."

"எனக்குத் தெரியும். எழுதினது நான்."

புதுப்பொண்ணு சிரித்தாள். "காலங்காத்தால விளையாடாதீங்கக்கா."

"நாலே வரி. கடைசியில நலம் விரும்பின்னு போட்டேன்."

சிரிப்பு அப்படியே நின்றது. "நலம் விரும்பின்னு போட்டிருந்ததை அந்த அதிகாரி எங்க ரெண்டு பேர்கிட்டதான் சொன்னாரு. நான் உங்ககிட்ட அதைச் சொன்னதே இல்லையே..." அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஏன்கா? நான் உங்களுக்கு என்ன பண்ணினேன்?"

"ஒண்ணும் பண்ணல. வயித்தெரிச்சல்டி. நான் பதினோரு வருஷம் காத்திருந்தேன், நீ சீக்கிரம் வாங்கிடுவேன்னு தாங்கல. அவ்வளவுதான். வேற காரணம் தேடித் தேடிப் பார்த்தேன், இல்ல." அக்கா கன்னத்தைக் காட்டினாள். "என்னை நாலு அறை அறைஞ்சுடு. நான் நாளைக்கே..."

"நாளைக்கு இல்ல. இப்பவே எழுதுங்க." புதுப்பொண்ணு எழுந்தாள். ஆறு மாதத்தில் முதன்முறையாக அவள் சத்தம் மாடிப்படி முழுக்கக் கேட்டது. "நான் பார்த்துக்கிட்டு நிக்கறேன், எழுதுங்க!"

அக்கா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். முதல் தாளைக் கிழித்தாள். இரண்டாவதில், தான் எழுதியது பொய் என்றும், அவர்கள் இருவரும் ஒரே வீட்டில் வாழ்ந்ததும் அவர் வேலைக்காக வெளியூர் போனதும் தனக்கு அப்போதே தெரியும் என்றும், பொறாமையில் எழுதினேன் என்றும் எழுதினாள். கீழே பெயர் போடும் இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. வாட்ச்மேன் சமையலறைக் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தடுப்பார் என்று நினைத்தாள்.

"முழுப் பேரையும் எழுது," என்றார் அவர், புதுப்பொண்ணின் வீங்கிய கண்ணைப் பார்த்தபடி மெதுவாக. "அட்ரஸும் போடு. வர்றது வரட்டும்."

எழுதினாள். கையெழுத்துக் கோணலாக விழுந்தது. தாளைப் புதுப்பொண்ணிடம் நீட்டி, "நாளைக்கு ஆபீஸ் திறக்கறப்போ நானே கொண்டுபோய்க் குடுக்கறேன். பெட்டியில போட மாட்டேன்," என்றாள். பிறகு, "உனக்குக் காகிதம் வந்துடும்ல?" என்று கேட்டாள்.

"தெரியாது. வரலாம், வராமலும் போகலாம். அது அவங்க கையில இருக்கு." புதுப்பொண்ணு பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நான் இப்ப நேரா நாத்தனார் வீட்டுக்குப் போறேன். கதவைத் திறப்பாங்களான்னு தெரியல. நானும் யோசிக்காம அவங்க மேல பழியைப் போட்டவதானே. அவங்க கால்ல விழறேன்."

"என்னை மன்னிப்பியா?"

"இன்னிக்குக் கேக்காதீங்கக்கா. இன்னிக்கு என்னால முடியாது." படி இறங்கப் போனவள் திரும்பினாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. "ஆனா ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். ஒருத்தர் வாழ்க்கையைப் பத்தி எழுத உக்காந்தா, முதல்ல கீழே உங்க பேரை எழுதிப் பாருங்க. பேரைப் போடக் கை நடுங்குச்சுன்னா, மேல ஒரு வரிகூட எழுதாதீங்க. தைரியமாப் பேரைப் போட முடியாத வார்த்தை, அடுத்தவங்க குடும்பத்தைத்தான்கா கொளுத்தும்."