மேஸ்திரி வலப்பக்கம் புரண்டால்

மேஸ்திரி வலப்பக்கம் புரண்டு படுத்தால் அவருடைய வீடு சுற்றும். தலையைச் சொல்லவில்லை, வீட்டைத்தான் சொல்கிறேன். எதிர்வீட்டுத் தையல்காரர் சன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். முதல் தடவை பாத்திரங்கள் வாசல்வரை உருண்டன, முக்காலி ஒன்று சுவரில் ஏறி ஒட்டிக்கொண்டது. அரை நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடும். அவர் வாந்தி எடுப்பார், மனைவி தரையைத் துடைப்பாள்.

தானே கட்டிய வீடாயிற்றே, அஸ்திவாரத்தில்தான் கோளாறு என்று அவர் முடிவுகட்டினார். மனைவியிடம் தரை சமமா என்று பார்க்கும் ரசமட்டத்தைக் கொடுத்துவிட்டுப் புரண்டு படுத்தார். அதன் கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி ஒரு கோடிக்கு ஓடியது. போதாதா? கிழக்குப் பக்கத் தரையைப் பெயர்த்து உயர்த்தினார். மறுவருடம் இன்னும் கொஞ்சம். வீடு தன்பாட்டுக்குச் சுற்றியது. கூட வேலை செய்தவர்கள் அவரைச் சாரத்தில் ஏற விடவில்லை. மனைவிக்கு வேறொரு வருத்தம். கட்டிலில் அவள் இடம் அவருக்கு வலப்புறம். மூன்று வருடமாக அவர் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இடம் மாறிப் படு என்றால், “கல்யாணமானதுலேருந்து இதான் என் இடம். வீடு சுத்துதுன்னு நான் ஏன் மாறணும்?” என்பாள்.

ஒருநாள் அவர் உட்கார்ந்தபடி அண்ணாந்து பார்த்தபோதும் வீடு சுற்றியது. “இது உங்க தலையைப் பாத்துல்ல ஆடுது!” என்று மனைவி அவரைக் காது டாக்டரிடம் இழுத்துப் போனாள். அந்த அம்மாள் மேசை நாற்காலிகளைத் தரையோடு ஆணியடித்து வைத்திருந்தார்.

“காதுக்குள்ள மூணு வளைவுக் குழாய் இருக்கு, உள்ள தண்ணி மாதிரி ஒண்ணு. தலை திரும்பினா அது அசையும், நரம்பு மூளைக்குச் சேதி சொல்லும். உங்களுக்கு ஒரு குழாய்ல சுண்ணாம்புத் துகள் உருளுது. நரம்பு சுத்துதுங்குது, மூளை நம்புது, வீடும் நம்பிடுது.”

“சுண்ணாம்பா? காதை மூடித் துண்டு கட்டிட்டுதானேம்மா பூசுவேன்!”

“அது உடம்புலயே இருக்கறது. இடம் மாறிடுச்சு.”

“ரசமட்டம் காதுல இருந்திருக்கு, இவர் தரையை வெட்டிக்கிட்டிருந்தார்” என்றாள் மனைவி.

டாக்டர் அவரைப் படுக்கவைத்துத் தலையை ஒருபக்கம் சாய்த்து, பொறுத்து, மறுபக்கம் திருப்பி, மெல்ல எழுப்பி உட்காரவைத்தார். மருத்துவமனை ஒரே ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

வீட்டுக்கு வந்ததும் அவர் படுத்தார். மனைவி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் படுத்தாள். அவர் வலப்பக்கம் புரண்டார். சன்னலில் இருந்த தம்ளர் தண்ணீர்கூட அசையவில்லை.

“என்ன, இவ்ளோ நரைச்சிட்டே?”

“நீங்க மட்டும் என்னவாம்?” என்று சொல்லிவிட்டு அவள் கட்டில் காலை விட்டாள்.

அடுத்த வாரம் அவர் சாரம் ஏறினார். கிழக்குத் தரை இன்னும் மேடாகத்தான் இருக்கிறது. முக்காலி சுவரைவிட்டு இறங்கவே இல்லை. அதன் கால்களில் மனைவி ஈரத் துண்டுகளைக் காயப்போடுகிறாள்.