லைன் சரியில்லை என்று சொன்னவன்

1.

என் பெயர் முஸம்மில். வயது இருபத்து மூன்று. கெய்ரோவில், ஐன் ஷம்ஸில், நான்காவது மாடியில் இருக்கிறேன். அக்கா இஜ்லால், தம்பியைத் தெரியாதா என்று சிரிக்காதே. கதை என்றால் ஆளை முதலில் சொல்லிவிட வேண்டும் அல்லவா?

போன வெள்ளிக்கிழமை உம்மா போனில் சொன்ன ஒரு வரியிலிருந்து பிறந்தது இது. அந்த வரியைச் சொல்ல இப்போது பயமாக இருக்கிறது. மூன்றாம் பகுதியில் சொல்கிறேன்.

நான் பேசப் பேச போன் எழுதிக்கொள்கிறது. குரலாகவே அனுப்பியிருக்கலாம். ஆனால் இப்போதெல்லாம் நான் கத்தித்தான் பேசுகிறேனாம். எழுத்து கத்தாது.

2.

சாபிர் என்று ஒருவன். அவனுக்குப் பாட்டு என்றால் உயிர், அதனால்

(இல்லை. பொய். சாபிருக்கு விமானம் ஆகாது. இங்கே விமான நிலையம் பக்கம். மொட்டை மாடியை உரசுவது போல இறங்கும். ஒவ்வொரு தடவையும் ஊரில், ஒம்துர்மானில், விமானம் குண்டு போட்ட நாட்களில் நாம் கட்டிலுக்கடியில் கிடந்தது ஞாபகம் வரும். 'நாம்' இல்லை, அவன் வீட்டார். படிக்கும்போது திருத்திக்கொள்.)

விமானம் கேட்கக் கூடாது என்று ஸ்பீக்கரைத் தலையணையோடு ஒட்டி வைத்து, முழுச் சத்தத்தில் பாட்டு வைத்தான். ஏழு மாதம். அறைத்தோழன் தாஜுஸ்ஸிர் வாசலில் நின்று கத்துவான்.

"டேய், கல்யாண வீடாடா இது? பொண்ணு எங்க?"

"என்ன?"

"செவுட்டு மாப்பிள்ளைக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்!"

சாபிரும் சிரித்தான். பிறகு பாட்டை நிறுத்தினாலும் காதுக்குள் ஒரு ங்ங்ங் நிற்கவில்லை. டாக்டர் அவனை ஒரு பெட்டிக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார். அமுக்கினான்.

"தம்பி, நான் இன்னும் சத்தமே போடலையே. ஏன் அமுக்குற?"

(இந்த இடத்தில் வாசகர் சிரிக்கலாம். எழுதுகிறவனுக்கு வியர்க்கிறது.)

"வலது காதுல போனது போனதுதான். இருக்கிறதயாவது காப்பாத்து. சத்தத்தப் பாதிக்கு மேல ஏத்தாத, காதுக்கு ஓய்வு குடு" என்றார்.

3.

சாபிர் வீட்டில் சொல்லவில்லை. உம்மா பேசுவது சரியாக விழாதபோதெல்லாம், "யும்மா, லைன் சரியில்ல" என்றான். மாதக்கணக்கில் வீட்டார் இப்போது தங்கியிருக்கும் அத்பராவின் டவர்மேல் பழி போட்டான். போன வெள்ளிக்கிழமை உம்மா சொன்னாள்:

"இப்போ கேக்குதா வாப்பா? ஒனக்காக ஏணி போட்டுக் கூரைமேல ஏறி நிக்கிறேன். இனிமே இங்கேருந்துதான் பேசுவேன்."

அந்த மண்கூரை. அவள் முழங்கால். நான், சாபிர், நான் "கேக்குது" என்றேன்.

4.

முடிவு ஒன்று: காது திரும்பிவிடுகிறது. டாக்டர் ஒத்துக்கொள்ளமாட்டார்.

முடிவு இரண்டு: அடுத்த வெள்ளி, ஏணியின் மூன்றாவது படியில் உம்மாவின் கால்

இதை என்னால் சொல்ல முடியாது. போன் காத்துக்கொண்டிருக்கிறது. மேலே ஒரு விமானம் போகிறது. பாட்டு வைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். மூன்றாம் முடிவு உன் கையில்தான், அக்கா.

வெள்ளிக்கிழமைக்கு முன் இதை உம்மாவுக்குப் படித்துக் காட்டு. ஏணியை எடுத்துவிடு. முற்றத்தில் உட்கார்ந்தே பேசச் சொல். நான் இடது காதில் வைத்துக்கொள்கிறேன்.