இடது பின்னங்கால்

வான் என்ற ஊரில் நான்கு வீட்டார் சேர்ந்து வாங்கிய பன்றிக்குட்டி நான்கு பாகமாகத் தனித்தனியே வளர்ந்தது. தெத் புத்தாண்டுக்காக ஒரு பன்றியை நான்கு வீடு பங்கு போடுவதும், குட்டியாக இருக்கும்போதே இன்ன கால் இன்ன வீட்டுக்கு என்று பேசிவைப்பதும் சிவப்பாற்றுப் பக்கம் வழக்கம்தான். பால் மறந்த குட்டியின் குடல் தவிட்டுக்குப் பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும், அதுவரை உடம்பு ஏறாது என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்தக் குட்டிக்கு மூன்று கால்கள் கொழுத்தன. லுவாவின் பங்கான இடது பின்னங்கால் மட்டும் வாங்கிவந்த அன்று இருந்தபடியே இருந்தது. மழை ஓய்வதற்குள் குட்டி தண்ணீர் புகுந்த படகுபோலச் சாய்ந்து நடந்தது.

லுவா கணவனை இழந்தவள். கொட்டில் அவள் கொல்லையில் இருந்தது. தைவான் தொழிற்சாலைக்குப் போன மகன் கியென், அங்கே கட்டிக்கொண்ட மனைவியோடு இந்தத் தெத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். முகம் பார்த்திராத மருமகள் முன்னால் ஒரு முழுத் தொடையை வைக்க வேண்டும். வேறு நினைப்பே அவளுக்கு இல்லை. தன் சோற்றையும் குட்டியின் தொட்டியில் கொட்டிவிட்டு, வெறும் தேநீர் குடித்துப் படுத்தாள். கால் இன்னும் மெலிந்தது.

கால்நடை மருத்துவர் குவாத் வந்து குட்டியின் வயிற்றில் காதை வைத்தார். வெகுநேரம் எழவில்லை. உள்ளே நான்கு வீட்டுச் சமையலும் கேட்டது என்றார். ஒன்றில் நண்டுக் குழம்பு கொதித்தது, ஒன்றில் மீன் பொரிந்தது, ஒன்றில் பிள்ளைகள் கிண்ணத்தை வழித்தார்கள். நான்காவதில் காலிச் சட்டிக்குள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நேத்து என்னம்மா சாப்பிட்ட?"

"வைத்தியம் பன்னிக்கா, எனக்கா?"

"ரெண்டு பேருக்கும் வயிறு ஒண்ணுதான்."

வேலியோரம் நின்றிருந்த, பன்றியில் இன்னொரு பங்குக்காரியான தாவ் தலையில் அடித்துக்கொண்டாள். "நல்லா இருக்கு அக்கா! உன் பட்டினியில எங்க மூணு காலும் சேர்ந்து கவுந்திடும்."

அன்று மாலையே தாவ் குழம்போடு வந்து உட்கார்ந்தாள். லுவா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பிச்சைச் சோறு எனக்கு வேண்டாம்."

"பிச்சையா? என் பங்குக்கு முட்டுக்கொடுக்கறேன். வாயத் திற."

விடியும்போது அந்தக் காலில் ஒரு கைப்பிடிச் சதை ஏறியிருந்தது. பிறகு மூன்று வீட்டாரும் முறைவைத்து வந்தார்கள், கிண்ணம் காலியாகும்வரை எழவில்லை. பனி இறங்கிய நாட்களில் லுவா வயிறு நிறைந்து தூங்கினாள். தூக்கத்தில் அவள் வைக்கோலில் படுத்திருந்தாள். தன் வயிற்றுக்குள்ளே மூன்று குடும்பங்கள் மெதுவாகப் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். குட்டி பெரிதாகி நேராக நடந்தது.

தெத்துக்கு முன் பன்றியை வெட்டி எடை போட்டார்கள். நான்கு பங்கும் ஒன்றுபோல இருந்தன. கியென் மனைவியோடு வந்து, முழுத் தொடையைப் பார்ப்பதற்கு முன் தாயைப் பார்த்தான்.

"என்னம்மா, இப்படிச் சதை போட்டுட்ட?"

"கால் வளரணுமே," என்றாள் லுவா.

வசந்தத்தில் புதுக் குட்டி வாங்கப் பங்காளிகள் கூடினார்கள். எந்தக் கால் யாருக்கு என்ற பேச்சே எழவில்லை. எல்லோரும் முதலில் போய் லுவாவின் அடுப்பு எரிகிறதா என்று பார்த்தார்கள். எரிந்துகொண்டிருந்தது. சந்தைக்குப் புறப்பட்டார்கள்.