மயில் விரட்டும் ஸ்பீக்கர்

முளைத்து நாலு நாள் ஆன மக்காச்சோளத்தை மயில் மேயாது, பிடுங்கும். அடியில் ஒட்டியிருக்கும் விதையை மட்டும் தின்றுவிட்டுக் குருத்தை அப்படியே போட்டுவிட்டுப் போகும். எங்கள் கரிசலில் மறுவிதைப்புக்கு வழியில்லை. விதைக்கிற ஈரம் ஒருமுறைதான் வாய்க்கும். அதனால் முதல் பத்து நாள் பகல் முழுக்க ஆள் நின்று கத்த வேண்டும். எங்கள் மூன்று ஏக்கர் காட்டுக்கும் கத்துவது என் மனைவி மாரிச்செல்வி. நான் கோவில்பட்டியில் இருபது வருடம் லாரிக்கு மூட்டை ஏற்றி, இடுப்பெலும்பு தேய்ந்து வீட்டுக்கு வந்தவன். எனக்குத் தொண்டை கிடையாது என்று சொல்லியே தப்பித்து வந்தேன்.

இந்த வருடம் சரியாக நாலாம் நாள் அவளுடைய அக்கா மகளுக்குச் சடங்கு. கடம்பூருக்குக் கிளம்பி நின்றாள்.

"ரெண்டு நாள் காட்டுல நிப்பீகளா?"

"நிக்கவே வேண்டாம். மெஷின் வாங்கியிருக்கேன்."

குழாய் வைத்த ஸ்பீக்கர். போனில் ஓடுவதை வயர் இல்லாமலே வாங்கிக் கத்தும். அவள் அதைச் செத்த எலியைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

"செடி போச்சுன்னா அந்த இடுப்போட திரும்ப மூட்டைக்குத்தான் போகணும். பாத்துக்கிடுங்க."

பஸ் ஏறிவிட்டாள்.

புளூடூத் இணைக்க எனக்குக் கற்றுக்கொடுத்தது டீக்கடை சுடலைக்குமார். முதலில் தன் கடை ஸ்பீக்கரில் என் போனை இணைத்துக் காட்டினான். "ஒரு தடவ சேத்துட்டா போதும் அண்ணாச்சி, பெறகு பக்கத்துல வந்தாலே அதுவா ஒட்டிக்கிடும்" என்றான். 'பக்கத்துல' என்ற சொல்லை நான் காதில் வாங்கவில்லை. திருப்பூரில் இருக்கிற மகளோடு பேசுகிற போனுக்கு, இரண்டு கிலோமீட்டரில் இருக்கிற காடு எம்மாத்திரம் என்பது என் கணக்கு.

மயில் பயப்படுவது மாரிச்செல்வி குரலுக்குத்தான். அதனால் முந்தின நாளே அவள் கத்துவதை மறைந்து நின்று பத்து நிமிடம் பதிவு செய்திருந்தேன். முதல் ஒரு நிமிடம் போட்டுக் கேட்டேன். பிரமாதமாக இருந்தது.

காட்டில் உடைமுள் மரத்துக் கொப்பில் ஸ்பீக்கரைக் கட்டிப் போனை இணைத்தேன். "ஏய்... ஹேய்... போ" என்று அவள் குரல் காடு முழுக்கப் போனது. எட்டு மயில்கள் எழும்பிப் பறந்தன. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்க நடந்தேன். பத்திருபது எட்டு வைத்ததுமே சத்தம் நின்றது. தூரம் வந்துவிட்டேன், அதனால் கேட்கவில்லை என்று நினைத்தேன். இருபது வருடம் தலையில் மூட்டை இருந்ததன் பலன்.

டீக்கடையில் பக்கத்துக் காட்டுக்காரர் வன்னியபெருமாள் மாமா உட்கார்ந்திருந்தார்.

"என்னல செண்பகராஜு, காட்டுல ஆருல நிக்கா?"

"இங்கன இருந்தே காவல்தான் மாமா. இப்பம் பாருங்க."

போனை எடுத்தேன். பாட்டு நிற்கிற மாதிரி பதிவு பாதியில் நின்றிருந்தது. 'இணைக்கப்பட்டது' என்று எழுதியும் இருந்தது. அமுக்கினேன்.

என் தலைக்கு மேலே, கடை ஸ்பீக்கரில், மாரிச்செல்வி கத்தினாள்.

"காட்டுல எட்டு மயிலு, வீட்ல ஒரு மயிலு. திங்கும், தோகைய விரிச்சுப் படுத்துக்கிடும். அதத்தான் மொதல்ல வெரட்டணும்."

நான் கேட்காமல் விட்ட ஒன்பது நிமிடத்தில் இருந்த பகுதி அது. டீ ஆற்றிக்கொண்டிருந்த சுடலைக்குமார் கையை நிறுத்தினான்.

"அண்ணாச்சி, இது நம்ம கடை ஸ்பீக்கரு. கிட்ட வந்ததும் ஒட்டிக்கிட்டு. காட்டுல உள்ளது எப்பமோ அந்துருக்கும்."

மாமா டீயை மெதுவாக உறிஞ்சினார். "அப்பம் அங்கன மயிலுக்குப் பந்தி நடக்கு."

ஓடினேன். மழை பெய்த கரிசலில் ஓடுவது என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒவ்வொரு காலிலும் ஒரு படி மண் அப்பிக்கொண்டது. செருப்பு ஒன்று ஓடைக்கரையிலேயே தங்கிவிட்டது. காட்டில் பதினாறு மயில்கள் இருந்தன. பறந்த எட்டும் சொந்தக்காரர்களைக் கூட்டி வந்திருந்தன. இல்லாத தொண்டையை எடுத்துக் கத்தினேன். பாதி மயில்தான் நிமிர்ந்தே பார்த்தது. கீழ்ப்பக்கம் ஏழெட்டுச் சால் வெறும் மண்ணாகக் கிடந்தது, பிடுங்கின குருத்தெல்லாம் வாடிக்கிடக்க.

பதிவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, போனையும் உடைமரத்திலேயே ஸ்பீக்கர் பக்கத்தில் தொங்கவிட்டேன். போன் திருடு போய்விடுமே என்று அதற்கடியில் நான் உட்கார்ந்தேன். செடிக்கு ஸ்பீக்கர் காவல், ஸ்பீக்கருக்குப் போன், போனுக்கு நான். மெஷின் வாங்கி ஆள் மிச்சம் பிடித்த லட்சணம் இது.

மத்தியானத்துக்குள் மயில்களுக்குப் பதிவு பழகிவிட்டது. ஒரே திட்டு எத்தனை தரம் கேட்டால் உறைக்கும்? அது எனக்கே தெரியும். உலாத்திக்கொண்டே மறுபடி பிடுங்க ஆரம்பித்தன. அப்போது போன் அடித்தது. பச்சையை அமுக்கினேன்.

"என்ன செய்யுதீக?"

ஸ்பீக்கரில் அவள் குரல் வந்து காடு அதிர்ந்தது. இது புதுக்குரல், உயிருள்ள குரல். பதினாறும் ஒருசேர எழும்பின.

"சாப்ட்டியா? அக்கா எப்பிடி இருக்காக? சடங்குக்கு ஆரெல்லாம் வந்திருக்காக? ஒவ்வொருத்தரா சொல்லு, அவசரமே இல்ல."

"இம்புட்டு விசாரிக்கீக. குடிச்சிருக்கீகளா?"

வரப்பில் மாமா வந்து நின்றார். "நிப்பாட்டாதல. எங்காட்டு மயிலும் போகுது."

"அது ஆரு?" என்றாள் அவள். பிறகு குரலை இறக்கினாள். "செடி இருக்கா?"

வடக்கு வரப்பில் ஒரு மயில் இறங்கிக்கொண்டிருந்தது. பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். பொய் சொன்னால் அவள் சமாதானமாகிவிடுவாள், கத்த மாட்டாள்.

"முக்காவாசி இருக்கு" என்றேன்.

"காவாசி எங்க போச்சு?"

அந்த ஒரு கேள்விக்கு வடக்கு வரப்பு மயில் ஓடை தாண்டிப் போய்விட்டது. அவள் நிறுத்தவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை. பொழுது அடைய இன்னும் நாலு மணி நேரம் இருந்தது.