பூனையின் படத்துக்குக் கீழே இரண்டு வரி

1

இந்தக் கதை ஒரு துண்டுத் தாளிலிருந்து வந்தது. எங்கள் குத்துச்சண்டை கிளப்பில் பழைய வீரர்களின் படங்களை மாட்டப் போகிறார்கள். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் இரண்டு வரி. என் மனைவியின் அண்ணன், கிளப்பில் எல்லோருக்கும் பூனை, இறந்து நான்கு மாதம் ஆகிறது. அவன் படத்துக்கான வரிகளை எங்களுக்குப் பயிற்சி கொடுத்த மாஸ்டரே எழுதி, சரிபார்க்கச் சொல்லி எனக்குக் கொடுத்தனுப்பினார். பஸ் டிப்போவில் நேரம் குறிப்பது என் வேலை. ஆனாலும் கிளப்பின் கடிதங்களை எல்லாம் நான்தான் எழுதி வருகிறேன்.

மாஸ்டர் எழுதியது இது: 'எங்கள் கிளப் கண்டதிலேயே திறமையான வீரர். அத்தனையையும் வீணடித்தவர்.'

பிழை ஒன்றும் இல்லை. ஆனால் தாளைத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியவில்லை. வெள்ளிக்கிழமை பெயின்டர் வருகிறார். அதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

2

தொடக்கங்கள்.

'பூனையின் கால்கள் தரையில் பட்டதே இல்லை. அவன் காற்றைப் போல—'

(பட்டன. பத்தாம் நம்பர் ஷூ. சத்தமில்லாமல் நகர்வதால் பூனை என்று பெயர் வந்ததாக வெளியே சொல்வோம். உண்மையில், பயிற்சி நேரத்தில் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் சுருண்டு தூங்கியதால் வந்த பெயர்.)

'எல்லாம் இருந்தும் அதிர்ஷ்டம் மட்டும்—'

(அடித்துவிட்டேன். அதிர்ஷ்டத்தை உள்ளே விட்டால் மற்ற எல்லோரும் தப்பித்துக்கொள்வோம்.)

'நான் அவனுடைய மூலையில் நின்றவன்.'

இதை அடிக்க மாட்டேன்.

3

மூலையில் நிற்பவன் என்றால், சுற்று முடிந்ததும் ஸ்டூல் போட்டு, தண்ணீர் கொடுத்து, முகம் துடைத்துவிடுபவன். எங்கள் கிளப்பில் இன்னொரு பழக்கமும் உண்டு. வளையத்துக்குள் போனவன் ஒரே ஒரு குரலுக்குத்தான் காது கொடுக்க வேண்டும். இருபது பேரைச் சுற்றி நிறுத்தித் தப்புத் தப்பாகக் கத்தவிட்டு, அந்த ஒரு குரலை மட்டும் பிடிக்கப் பழக்குவார் மாஸ்டர். பூனைக்கு அந்தக் குரல் நான்.

அரையிறுதி. கடைசிச் சுற்று. பூனை இடது கையை விலாவுக்குக் காட்டி, அதே கையைத் தாடைக்குத் திருப்பினான். எதிராளி உட்கார்ந்துவிட்டான். ஒருவன் விழுந்தால், அடித்தவன் விலகிப்போய், யாருக்கும் சொந்தமில்லாத மூலையில் நிற்க வேண்டும். அதுவரை நடுவர் எண்ணத் தொடங்க மாட்டார். நடுவர் கை காட்டினார். பூனை நகரவில்லை. என் குரலுக்குக் காத்திருந்தான்.

நானோ வளையத்துக்கு முதுகைக் காட்டி, மாஸ்டரைக் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தேன்.

(எவ்வளவு நேரம்? முதலில் 'ஏழு நொடி' என்று எழுதினேன். நேரம் குறிப்பவன் என்பதால் நம்பிவிடாதீர்கள். எனக்குத் தெரியாது. திரும்பியபோது அவன் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். அது மட்டும் தெரியும்.)

அந்த இடைவெளியில் எதிராளிக்கு மூச்சு திரும்பியது. எட்டு எண்ணியதும் எழுந்தான். மணி அடிப்பதற்குள் பூனையை விழவைத்தான். உடைமாற்றும் அறையில் மாஸ்டர் கத்தினார்: "அடிச்ச திமிர்ல போஸ் குடுத்துக்கிட்டு நின்னியாடா?"

பூனை அவருக்குப் பதில் சொல்லவில்லை. என்னிடம், "மச்சான், ஐஸ் இருக்கா?" என்றான்.

நானும் ஒன்றும் சொல்லவில்லை. திமிரில் நின்றான் என்பதே இருபத்தாறு வருடமாக அவன் கதை.

4

'ஆகவே, அத்தனையையும் வீணடித்தவன் நான்.' இப்படித்தான் முடித்திருந்தேன். எழுதும்போது கண் கலங்கியது. நல்ல முடிவுதான் என்று நினைத்தேன். மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இதை இத்தனை வருஷமா எங்கிட்டகூடச் சொல்லல?"

"சொல்லல."

மடித்த போர்வையை உதறிப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"சரி, அந்த மேட்ச் உங்களால போச்சு. அடுத்த வருஷம் எடை பாக்குற அன்னிக்கு ரெண்டு கிலோ கூட இருந்து மேட்ச்சுக்கே விடலயே, நீங்களா ஊட்டிவிட்டீங்க?"

"இல்ல."

"ஓடச் சொன்னா பஸ் ஏறிப் போய், மூஞ்சில தண்ணி தெளிச்சுக்கிட்டு மூச்சு வாங்குறாப்ல வந்து நிப்பானே?"

"அது எங்க டிப்போ பஸ்தான்."

"சிரிப்பு காட்டாதீங்க. எல்லாத்தையும் உங்க தலையில அள்ளிப் போட்டுக்கிட்டா, எங்க அண்ணன் என்ன நீங்க ஆட்டிவச்ச பொம்மையா? அவன் தோத்ததுல அவன் பங்கை அவனுக்கு விடுங்க."

"அப்ப மாஸ்டர் எழுதினது சரிங்கிறியா?"

"அப்படி யார் சொன்னா? நீங்க முதுகு காட்டினதைப் போய்ச் சொல்லுங்க. தெரிஞ்சுக்கிட்டு எழுதட்டும்."

5

'அத்தனையையும்' என்ற சொல்தான் உறுத்துகிறது. இருபத்தெட்டு வயதில் கையுறையைக் கழற்றிய பிறகு, பூனை ஒரு கடையில் ஃபிரிட்ஜ் இறக்கும் வேலை பார்த்தான். ஒருமுறை நாலாவது மாடிக்கு ஒன்றைத் தனியாக முதுகில் ஏற்றினான். படி திரும்பும் குறுகலான இடத்தில் இடது காலை ஊன்றி, வலது காலைச் சுழற்றினான். வளையத்தில் எதிராளியின் குத்திலிருந்து தப்பிக்கும் அதே சுழற்சி. பின்னால் வந்த எனக்கு மயிர் கூச்செறிந்தது. வீட்டுக்கார அம்மா, "சுவத்துல இடிச்சிடாதப்பா" என்றார். இடிக்கவில்லை.

(இது சாதனை ஆகாது. ஒரு ஃபிரிட்ஜை இழுத்துப் பதக்கமாக்க நான் வரவில்லை. ஆனால் அந்தச் சுழற்சியை நான் பார்த்தேன். வீணாய்ப் போன ஒன்றை எப்படிப் பார்க்க முடியும்?)

6

இரண்டு முடிவுகள் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் மாஸ்டர் அழுகிறார். மற்றதில் என்னை அறைகிறார். இரண்டுமே என் விருப்பம்.

வியாழக்கிழமை மதியம் கிளப்புக்குப் போய், இதில் ஒன்றிலிருந்து ஐந்து வரையான பகுதிகளை அவருக்குப் படித்தேன்.

"நீ என்னைக் கட்டிப்பிடிச்சிட்டு இருந்தேங்கிற."

"ஆமா மாஸ்டர்."

"அப்ப நானும்தானேடா பாக்கல? பாக்காம எப்படி அவனைத் திமிர்னு சொன்னேன்?"

பதிலுக்குக் காத்திருக்காமல் பென்சிலை என் பக்கம் தள்ளினார். இரண்டாவது வரியை அடித்தேன். அவர் தடுக்கவில்லை.

"சரி, வேற என்ன போடுறது? சொல்லு" என்றார்.

நான் சொல்லவில்லை. நான் சொன்னால் குற்றவாளியின் வாக்குமூலம் ஆகிவிடும். அவர் சொன்னால் மன்னிப்புக் கடிதம் ஆகிவிடும். இரண்டிலும் பூனை இருக்க மாட்டான். இதைப் படிக்கும் நீங்கள் அன்று அங்கே இல்லை. யாரையும் கட்டிப்பிடித்து நிற்கவும் இல்லை. அவன் தூங்கியது, பஸ் ஏறியது, அடித்தது, காத்திருந்தது எல்லாம் உங்களுக்கு இப்போது தெரியும். அடித்த வரியின் இடத்தில் ஆறு சொல் பிடிக்கும். பெயின்டர் நாளை பத்து மணிக்கு வருவார்.

எழுதுங்கள்.