வாலுக்குத் தெரிந்த பாதை

வாரம் முழுக்க ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வாள்? இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவாள் என்று நீங்கள் சொன்னால், உங்களுக்கு வேன்காரம்மாவைத் தெரியாது என்று அர்த்தம். அந்த ஞாயிறு வெளிச்சம் வருவதற்கு முன்பே அவள் ஷெட்டில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தாள். சீட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த சூயிங்கத்தைக் கரண்டிக் காம்பால் சுரண்டி எடுத்தாள். ஒற்றை சாக்ஸ், மூடி இல்லாத பேனா, கடித்துத் துப்பிய ரப்பர் என்று குழந்தைகள் விட்டுப்போன சொத்தையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டாள். முன்கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள்.

அவள் வீட்டுக்காரர் மின்விசிறியும் தையல் மிஷினும் ரிப்பேர் பார்க்கிறவர். பல் துலக்கியபடியே வந்து ஷெட் வாசலில் நின்றார்.

"என்ன இந்தக் கழுவு கழுவுற? மலையா வந்து உன் வேன்ல ஏறப்போகுது?"

"சும்மா இருங்க. கை சும்மா இருந்தா மனசு என்னென்னவோ நினைக்குது."

"பயமா?"

"எனக்கா? நல்லா கேட்டீங்க. ஒன்பது வருஷமா இதுக்குத்தான் காத்துட்டிருக்கேன். என் தம்பி என்னை ஜெயிச்சிடுவான்னு நீங்க வேணும்னா கனவு காணுங்க."

"என் தம்பிதானேம்மா அவன். உன் தம்பி இல்லையே" என்றார் அவர்.

"உங்க தம்பியை நான்தான் வளர்த்தேன். அப்ப யாரு தம்பி?" என்று கேட்டுவிட்டு அவள் பக்கெட்டைக் கவிழ்த்தாள். அவர் வாய் கொப்பளிக்க உள்ளே போய்விட்டார்.

விஷயம் இதுதான். அந்த ஊரில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஞாயிறுதோறும் காலையில் மலைக்குப் போய், இருட்டுவதற்குள் திரும்புவார்கள். வெயிலா, மழையா, பனியா, அவர்களுக்கு அக்கறையே இல்லை. கூட்டத்துக்குத் தலைவர் கர்னல். பட்டாளத்தை எட்டிக்கூடப் பார்க்காத மனுஷன். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மீசையும் அதட்டலும் சம்பாதித்துக் கொடுத்த பட்டம் அது. அவர் எல்லாருக்கும் முன்னால் நடப்பார். எல்லாருக்கும் கடைசியில் ஒரு ஆள் நடக்க வேண்டும், அந்த ஆளுக்கு 'வால்' என்று பெயர். வாலுக்குப் பின்னால் ஒரு ஈ காக்கா இருக்கக் கூடாது. யார் மூச்சு வாங்கி உட்கார்ந்தாலும், யாருடைய ஷூ லேஸ் அறுந்தாலும், யார் புதர் மறைவில் ஒதுங்கினாலும், வால் நின்று காத்திருந்து கூட்டிக்கொண்டு வர வேண்டும். ஒன்பது வருஷமாக அந்த வால் வேன்காரம்மாதான். "வண்டியில நான் முன்னாடி, மலையில நான் பின்னாடி" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சிரித்தாலும் உள்ளுக்குள் எரியும்.

எரியாதா பின்னே? வெயில் காலத்தில் புல்வெளியில் மான் நின்றதாம். கர்னல் பார்த்தாராம், அவருக்குப் பின்னால் போன நாலு பேர் பார்த்தார்களாம். இவள் போய்ச் சேரும்போது மிதிபட்ட புல்தான் இருந்தது. மழைக்காலத்தில் பாறை மேல் தண்ணீர் விழுவதை முன்னால் போனவர்கள் நின்று ரசித்து, போட்டோ எடுத்து, சாப்பிட்டும் முடித்திருப்பார்கள். இவள் வந்ததும், "எல்லாரும் வந்தாச்சா, கிளம்பலாம்" என்று குரல் வரும். இவள் வந்தால் கிளம்ப வேண்டும், அதுதான் கணக்கு. ஒன்பது வருஷத்தில் அவள் பார்த்ததெல்லாம் முதுகுகள். ஒருநாளாவது, ஒரே ஒரு இடத்திலாவது, யாரும் பார்ப்பதற்கு முன்னால் தான் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதைச் சின்ன ஆசை என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வரும்.

இப்போது கர்னலுக்கு முட்டி தேய்ந்துபோய் ஆபரேஷன் நாள் குறித்தாகிவிட்டது. தலைவர் இடத்துக்கு இரண்டு பேர் கேட்டார்கள். ஒன்று வேன்காரம்மா. இன்னொன்று அவள் கொழுந்தன். மொபைல் கடை வைத்திருப்பவன், கையில் விதவிதமான வாட்ச், காலில் புதுப்புது ஷூ. கர்னல் ஒரு சோதனை வைத்தார்.

"உச்சிப் பாதையில ஒருநாள் முன்னாடி நடந்து காட்டணும். அன்னைக்கு நான்தான் வால். உச்சி போய்ச் சேர்ற வரைக்கும் நான் வாயே திறக்க மாட்டேன். என்னை வாய் திறக்க வெச்சிட்டா தோத்தாச்சுன்னு அர்த்தம். முதல்ல அம்மா. அவங்க தோத்தா அடுத்த வாரம் தம்பி."

உச்சிப் பாதை மற்றப் பாதைகளைப் போல இல்லை. ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கி, சுற்றிக்கொண்டு வேன் நிற்கிற இடத்துக்கே வந்து சேரும். ஏறின வழியில் யாரும் இறங்குவதில்லை. பருவத்துக்கு ஒருமுறைதான் அங்கே போவார்கள். இது பனிக்காலத்து முறை.

அடிவாரத்தில் வேனை நிறுத்தியபோதே மேலே மலையைக் காணோம். வெள்ளையாய் மூடிக் கிடந்தது. கொழுந்தன் பையை மாட்டிக்கொண்டே பக்கத்தில் வந்தான்.

"அண்ணி, உங்களுக்கு வால்தான் பொருத்தம். இப்பவே விட்டுக்கொடுத்துட்டா மரியாதையா போயிடும்."

"உன் மரியாதையை உன் கடையில வெச்சு வித்துக்கோ. வரிசையில நில்லு."

கர்னல் கடைசியில் போய் நின்றார். வாயை இறுக்க மூடியிருந்ததில் மீசை மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. வேன்காரம்மா நடக்க ஆரம்பித்தாள்.

முதல் வளைவு தாண்டியதுமே முகத்தில் சிலந்தி வலை அப்பியது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாலுக்குச் சிலந்தி வலை கிடையாது, முன்னால் போகிற பத்து முகமும் துடைத்துவிட்டுப் போயிருக்குமே. ஈர இலையின் மணம் யார் வேர்வையும் கலக்காமல் நேராக மூக்குக்கு வந்தது. பெயர் தெரியாத ஒரு பறவை காலடியிலிருந்து படபடவென்று எழுந்து போனது. அவளுக்காகவே அது அதுவரை காத்திருந்ததுபோல அவளுக்குப் பட்டது. கால் தானாக வேகம் எடுத்தது. பிறகு ஞாபகம் வந்து நிதானித்தாள். பின்னால் யார் எந்த ஏற்றத்தில் நிற்பார்கள் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? கேட்பதற்கு முன்பே நின்று, தண்ணீர் குடிக்க வைத்து, மறுபடி நடந்தாள். கூட்டத்திலேயே மெதுவாக நடக்கிற பல் டாக்டரம்மாகூட, "இன்னைக்கு ஏறினதே தெரியல" என்று சொன்னாள்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. பாதி மலையில் ஒரு பெரிய பாறை வந்தது. பாறைக்கு இந்தப் பக்கம் ஒரு பாதை, அந்தப் பக்கம் ஒரு பாதை. இரண்டும் நன்றாக மிதிபட்டிருந்தன. வேன்காரம்மா நின்றாள்.

இந்த இடத்தை அவள் பார்த்ததே இல்லை. வந்திருக்கிறாள், ஒன்பது வருஷமாக, எல்லாப் பருவத்திலும். ஆனால் இங்கே ஏற்றம் செங்குத்து. டாக்டரம்மா வழுக்கிவிடப் போகிறாளே என்று அவளுடைய குதிகாலையும் நீலப் பையையும் பார்த்தபடியேதான் ஒவ்வொரு முறையும் ஏறியிருக்கிறாள். பாதை எந்தப் பக்கம் திரும்பியது என்று நிமிர்ந்து பார்த்ததே கிடையாது. பை திரும்பினால் அவளும் திரும்புவாள். அடக் கடவுளே, இப்படியும் ஒரு முட்டாள்தனம் உண்டா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஒரு பாதைதான் உச்சிக்குப் போகும். இன்னொன்று ஓடைக்குப் போய் முட்டிக்கொண்டு நிற்கும் என்று கர்னல் எப்போதோ சொன்னது ஞாபகம் இருந்தது. அதில் மாட்டினால் திரும்பி வந்து ஏறி இறங்குவதற்குள் இருட்டிவிடும். இந்தப் பனியில் அது விளையாட்டுக் காரியம் இல்லை.

கொழுந்தன் மோப்பம் பிடித்துவிட்டான். மொபைலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு முன்னால் வந்தான். "சிக்னல் இல்ல. ஆனா பாருங்க, இடது பக்கம் மேல ஏறுது. வலது பக்கம் கீழ இறங்குது. உச்சிக்குப் போறவன் கீழ இறங்குவானா? வாங்க போகலாம்."

நியாயமாகத்தான் இருந்தது. இரண்டு மூன்று பேர் அவன் பக்கம் நகர்ந்தார்கள். கூட்டத்தின் கடைசியில் கர்னலின் வாய் லேசாகத் திறந்து மூடியது. அதை வேன்காரம்மா பார்த்துவிட்டாள். இன்னும் ஒரு நிமிஷம் தாமதித்தால் எல்லாம் போச்சு.

"ஒரு ஆள் நகரக் கூடாது" என்றாள். வேனில் முப்பது குழந்தைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிற குரல் அது. கொழுந்தனின் கால்கூட அந்தரத்தில் நின்றது.

"உள்ளதைச் சொல்லிடறேன். இந்த இடத்தை முன்பக்கமா எனக்குத் தெரியாது. ஆனா பின்பக்கமா தெரியும். எல்லாரும் இங்கேயே இருங்க."

"பின்பக்கமாவா?" என்று யாரோ சிரித்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இடது பாதையில் வளைவு வரை ஏறினாள். நின்று, திரும்பி, வந்த வழியைப் பார்த்தாள். பனிக்குள் பாறை மொழுக்கென்று தெரிந்தது. தெரியாத வீட்டு வாசலில் போய் நின்றதுபோல இருந்தது. இது இல்லை. இறங்கி வந்தாள். வலது பாதையில் கீழே இறங்கினாள், அது சட்டென்று மறுபடி மேலே ஏறியது, அங்கே அடர்த்தியாக ஒரு புதர். புதருக்கு முன்னால் நின்று திரும்பினாள்.

இந்தப் பக்கத்தில் பாறைக்கு நடுவே நெடுக ஒரு விரிசல் இருந்தது. அதிலிருந்து ஒரு செடி தலை நீட்டியிருந்தது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த விரிசல் வழியாக மழைக்காலத்தில் தண்ணீர் ஒழுகும். வெயில் காலத்தில் வெள்ளை வெளேரென்று காய்ந்து கிடக்கும். இலை உதிர்கிற காலத்தில் அந்தச் செடியின் மடி நிறைய சருகு சேர்ந்திருக்கும். எல்லாம் அவள் மணிக்கணக்கில் பார்த்தது. ஏன் பார்த்தாள்? செங்குத்து ஏற்றம் முடிந்ததும் பாதிப் பேருக்கு இங்கேதான் ஒதுங்க வேண்டியிருக்கும். வால் என்ன செய்வாள்? புதருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெளியாள் யாரும் வந்துவிடாமல் வந்த வழியைப் பார்த்தபடி காவல் நிற்பாள். பார்க்க வேறு எதுவும் இல்லாமல் அந்த விரிசலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"டாக்டரம்மா" என்று கூப்பிட்டாள். "கொஞ்சம் இங்க வாங்க. இந்தப் புதரைத் தெரியுதா?"

டாக்டரம்மா தட்டுத்தடுமாறி வந்து பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. "ஐயய்யோ, இது என் புதராச்சே!"

அவ்வளவுதான், கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. ஆண்கள் இரண்டு பேர்கூட தங்களுக்கும் அந்தப் புதரைத் தெரியும் என்று ஒப்புக்கொண்டார்கள். கொழுந்தன் முகத்தில் ஈயாடவில்லை. மொபைலைப் பைக்குள் போட்டுக்கொண்டு வரிசையில் போய் நின்றான். கர்னல் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க நின்றிருந்தார்.

அதற்குப் பிறகு வேன்காரம்மாவுக்குப் பயமே வரவில்லை. குழப்பம் வந்த இடத்தில் நாலு அடி போய்த் திரும்பிப் பார்த்தாள். தெரிந்தால் போனாள், தெரியாவிட்டால் வெட்கப்படாமல் திரும்பி வந்தாள். யாரும் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. மரங்கள் குட்டையாகி, பிறகு புல் மட்டும் மிஞ்சி, பிறகு காலடியில் வெறும் பாறை வந்தது. காற்று முகத்தில் அறைந்தது. இதற்கு மேல் ஏற இடம் இல்லை. உச்சி.

அவள் நின்றாள். அவளுக்கு முன்னால் ஒரு முதுகுகூட இல்லை. ஒரு நீலப் பையும் இல்லை. ஒன்பது வருஷம் எதற்காக ஏங்கினாளோ, அது அவள் எதிரில் இருந்தது. பனி. பள்ளத்தாக்கு இல்லை, ஆறு இல்லை, எதிர் மலை இல்லை. கையை நீட்டினால் விரல் நுனி மங்கலாகத் தெரிகிற அளவுக்கு ஒரே வெள்ளை. அவள் அதையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏனோ கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். கொழுந்தன் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். எல்லாருக்கும் கடைசியில், முட்டியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கக் கர்னல் வந்தார். மற்றவர்கள் ஏற்கெனவே தண்ணீர் குடித்து முடித்திருந்தார்கள். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அவள் பக்கத்தில் வந்து நின்றார். காலையிலிருந்து அடக்கி வைத்த வாய் திறந்தது.

"என்னம்மா தெரியுது?"

கொழுந்தன் துள்ளி எழுந்தான். "வாயைத் திறந்துட்டார். சார் வாயைத் திறந்துட்டார்."

"உச்சி வந்தாச்சு தம்பி. உட்காரு" என்றார் கர்னல். கழுத்தில் கிடந்த தலைவர் விசிலைக் கழற்றி அவள் கையில் வைத்தார். வைத்துவிட்டு அந்த வெள்ளையை உற்றுப் பார்த்தார். "நான் வர்றதுக்குள்ள ஏதாவது தெரிஞ்சுதா? நான்தான் கோட்டை விட்டுட்டேனா?"

"இல்ல சார். ஒண்ணுமே தெரியல" என்றாள் வேன்காரம்மா. அவள் முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்தது. "ஆனா உங்க எல்லாருக்கும் முன்னாடி எனக்குத்தான் தெரியல."