யோகிதாவுக்குத் தண்ணீர் மாற்றுகிறவர்

எழுநூறு மில்லி உள்ளே போனால் அதற்குக் குறையாமல் வெளியே வரவேண்டும். அன்று காலை முந்நூற்று இருபதோடு நின்றுவிட்டது. கமலநாதன் பையைத் தராசிலிருந்து எடுத்து மறுபடி வைத்துப் பார்த்தார். அதே எடைதான்.

மலேசியாவில், கிள்ளான் பக்கம் மேருவில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி வீட்டில் ஓர் அறை முழுதும் மகள் யோகிதாவுடையது. எட்டு வயது. பிறவியிலேயே பழுதான சிறுநீரகங்கள் போன ஆண்டு ஓய்ந்துபோயின. வயிற்றில் பொருத்திய மெல்லிய குழாய் வழியாக நாளுக்கு நான்கு முறை மருந்து நீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்துக் கழிவோடு வடிக்க வேண்டும். மனைவி மலர்விழிக்குக் கையுறை ஆலையில் நிரந்தர வேலை. அதனால் போர்ட் கிள்ளானில் கொள்கலன் லோரி ஓட்டிக்கொண்டிருந்த கமலநாதன் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு, மருத்துவமனையில் இதற்கான பயிற்சிக்குப் போனார். இப்போது பக்கத்திலேயே பள்ளி வேன் ஓட்டுகிறார்.

பயிற்சியின் கடைசிச் சோதனையில், தொடவே கூடாத குழாய் முனை அவர் விரலில் பட்டுவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. "பட்டுருச்சு மிஸ்ஸி" என்று அவரே சொன்னார்.

"அப்ப பெயில் லா அண்ணே. நாளைக்கு மறுபடி செய்யுங்க" என்றார் தாதி புனிதா. மறுநாள் தேறினார்.

அந்தப் புனிதாவுக்குத்தான் இப்போது போன் போட்டார்.

"தண்ணி கலங்கலா இருக்கா?"

"இல்ல மிஸ்ஸி, தெளிவாத்தான் இருக்கு. காய்ச்சல் இல்ல. குழாயும் மடங்கல. மலச்சிக்கலும் இல்ல, நேத்தும் போனா, இன்னிக்கும் போனா."

"திருப்பிப் படுக்க வெச்சுப் பாருங்க. வரலன்னா புதுசா விடாதீங்க. உடனே கெளம்பி வந்துருங்க."

யோகிதா இடப்பக்கம் படுத்தாள், வலப்பக்கம் படுத்தாள், எழுந்து அறைக்குள் நடந்தாள். இன்னும் இருபது மில்லி வந்தது. அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் அப்பாவும் மகளும் கோலாலம்பூர் சாலையில் இருந்தார்கள்.

எக்ஸ்ரேயில், கீழ்வயிற்றில் இருக்கவேண்டிய குழாயின் நுனி விலா எலும்புக்கருகே ஏறியிருந்தது.

"வயித்துக்குள்ள கொழுப்புத் திரை ஒன்னு தொங்கும். அது குழாயைச் சுத்திப் பிடிச்சிருக்கும்னு நெனைக்கிறேன்" என்றார் அறுவை மருத்துவர் மதுமிதா. "பெருசா வெட்ட வேணாம். மூணு சின்ன ஓட்டை போட்டுக் கேமரா வழியா பாத்து, திரையை எடுத்துட்டுக் குழாயைக் கீழ நிறுத்திடலாம்."

"சரியாகலன்னா டாக்டர்?"

"அப்ப மெஷின் டயாலிசிஸ்தான். வாரத்துல மூணு நாள், நாலு மணி நேரம்."

"கேமராவுல எடுத்ததை எனக்குக் காட்டுவீங்களா?" என்று கேட்டாள் யோகிதா. மருத்துவர் சிரித்து, காட்டுவதாகச் சொன்னார்.

மாலையில் பார்க்க வந்த மைத்துனர் அய்யாவு கமலநாதனை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். "மச்சான், எதுக்கு இன்னொரு ஆபரேஷன்? மெஷினுக்கே மாத்திரு லா. மூணு நாளு கூட்டிட்டு வந்தா முடிஞ்சுது. நீயும் மறுபடி லோரி ஏறலாம்."

நெடுஞ்சாலையில் தனியாக லோரி ஓட்டும் சுகம் கமலநாதனுக்குத்தான் தெரியும். பலநாள் அதை நினைத்து ஏங்கியும் இருக்கிறார்.

"மூணு நாளு இங்க கெடந்தா அவ எப்பப் படிக்கிறது?" என்றார். "முடியாதுன்னு டாக்டர் சொல்லட்டும், மாத்திக்கிறேன். நானா விட மாட்டேன்." உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை அறுவை ஒன்றரை மணி நேரம் நடந்தது. ஆலைச் சீருடையோடு ஓடிவந்த மலர்விழி கணவரின் கையை விடவே இல்லை. மதுமிதா வெளியே வந்து, "நெனச்ச மாதிரிதான். திரை இறுக்கமா சுத்தியிருந்துச்சு, எடுத்தாச்சு" என்றபோதுதான் அவள் அழுதாள்.

யோகிதாவுக்குத் தையலைவிடத் தோள்தான் வலித்தது. கேமராவுக்காக வயிற்றில் நிரப்பிய காற்று அப்படிச் செய்யும், இரண்டு நாளில் போய்விடும் என்றார் புனிதா. திரை சுற்றிய குழாயின் படத்தைப் பார்த்து, "மீ கோரேங் நூடுல்ஸ் மாதிரி இருக்கு" என்று முகத்தைச் சுளித்தாள் அவள்.

முதலில் இருநூறு மில்லி மட்டும் விட்டுப் பார்க்கச் சொன்னார்கள். "நானே செய்றேன் மிஸ்ஸி" என்றார் கமலநாதன். கை கழுவி, முகக்கவசம் போட்டு, முனையைத் தொடாமல் இணைத்தார். வடிக்கத் திறந்துவிட்டுப் பையைப் பார்த்தார். நீர் தடையில்லாமல் ஓடிவந்தது. இருநூற்றுப் பத்து.

கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி எழுநூறுக்கு வர மூன்று வாரம் பிடித்தது. அதற்கடுத்த திங்கட்கிழமை அவர் மகளின் தமிழ்ப்பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியர் முன் உட்கார்ந்தார்.

"பன்னெண்டு மணிக்கு ஒரு தடவை மாத்தணும் ஐயா. ஒரு ரூம் குடுத்தீங்கன்னா அவ முழு நாளும் படிக்கலாம். கதவு சாத்துறாப்ல இருக்கணும், ஃபேன் ஓடக் கூடாது, பக்கத்துல கை கழுவ எடம் இருக்கணும்."

"ஆசிரியருங்க யாரும் இதைத் தொட முடியாதே" என்றார் தலைமையாசிரியர்.

"யாரும் தொட வேணாம். நான் வரேன்."

"தினமுமா?"

"தினமும்."

நூலகத்துக்குப் பக்கத்தில் பழைய நாற்காலிகள் அடுக்கிய அறை ஒன்று இருந்தது. தலைமையாசிரியர் கதவைத் திறந்துவிட்டார். கமலநாதன் சட்டைக் கையை மடித்துவிட்டு, முதல் நாற்காலியைத் தூக்கினார்.